ஆரணிப் பட்டும் இரண்டு சைபர்களும்

பொருட்களுக்குக் கரிமக் கணக்குப் போடும் மென்பொருள் ஒன்றில் சில வருஷங்களாக வேலை பார்க்கிறேன். நாற்காலி, சட்டை, செருப்பு எதுவாக இருந்தாலும் அது உருவாகி வந்த வழியைப் படிப்படியாக உள்ளே ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் 'ஆற்றல் எங்கிருந்து?' என்று ஒரு டிராப்டவுன் இருக்கும். மின்சாரம், டீசல், எரிவாயு, நிலக்கரி, விறகு, மற்றவை. நெசவு என்ற படியில் 'கைத்தறி' என்று தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தக் கேள்வியே வராது. நேராக சைபர் விழும்.

எங்கள் ஊர் ஆரணி. அந்த சைபருக்குள் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக் கால்கள் இருக்கின்றன. தாத்தா, அப்பா, இப்போது சித்தப்பா. நான்தான் இன்ஜினியரிங் படித்து வெளியே வந்தவன். இணையத்தில் ஆரணிப் பட்டு விற்கும் பக்கங்களில் 'துளி மின்சாரம் இல்லாமல் நெய்தது', 'ஜீரோ கார்பன்' என்கிற மாதிரி வாசகங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பெருமையும் ஒரு உறுத்தலும் சேர்ந்தே வருகின்றன. உறுத்தல் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த வேலை அதுதானே.

ஆரணியைத் தெரியாதவர்களுக்கு: திருவண்ணாமலை மாவட்டம், கமண்டல நாகநதிக் கரை. ஆற்றில் தண்ணீர் பார்ப்பது மழைக்காலத்து அதிசயம். ஊரும் சுற்றியுள்ள ஒண்ணுபுரம், தேவிகாபுரம் மாதிரி கிராமங்களும் பட்டு நெசவை நம்பியவை. ஆரணிச் சேலை காஞ்சிபுரத்தைவிட எடை குறைவு, விலையும் குறைவு. கல்யாணப் பெண்ணுக்குக் காஞ்சிபுரம், சம்பந்தி வீட்டாருக்கு ஆரணி என்று கடைக்காரர்கள் கணக்கு வைத்திருப்பார்கள். எங்கள் ஊரின் இன்னொரு தொழில் அரிசி. ஆரணி, களம்பூர் பக்கம் ரைஸ் மில்களுக்குப் பஞ்சமே இல்லை. அந்த மில்களுக்கும் பட்டுக்கும் ஒரு தொடர்பு வரும், பிறகு சொல்கிறேன்.

முதலில் கால்.

குழித்தறியில் நெசவாளர் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பார். கால் இரண்டும் குழிக்குள். மிதியை அழுத்தினால் பாவு இழைகளில் ஒரு பகுதி மேலே போகும், நடுவில் வாய் திறக்கும். கயிற்றை இழுத்தால் நாடா அந்த வாய்க்குள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடும். பலகையால் ஒரு அடி. ஒரு ஊடை விழுந்தது. சேலை ஐந்தரை மீட்டர், அதாவது சுமார் 216 அங்குலம். அங்குலத்துக்கு 70 ஊடை என்று வைத்தால்கூட ஒரு சேலைக்கு 15,000 தடவை மிதிக்க வேண்டும். தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி இருந்தால் மிதிக்கிற காலுக்கு இழைகளோடு சேர்த்து அந்தக் கொக்கிகளின் பாரமும் உண்டு. கோர்வைச் சேலை என்றால் கரைக்குத் தனி நாடா, தள்ளுவதற்குக் கூட ஒரு ஆள்.

நல்ல உடம்புள்ள ஒருவர் நாள் முழுக்கத் தொடர்ந்து கொடுக்கக்கூடிய இயந்திர ஆற்றல் சுமார் 75 வாட் என்பது மெக்கானிக்கல் படித்தவர்களுக்குத் தெரிந்த பழைய கணக்கு. குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கு. எட்டு மணி நேரத்துக்கு 0.6 யூனிட். சாதாரண வேலைப்பாடுள்ள சேலைக்கு ஐந்து நாள் என்றால் 3 யூனிட். அவ்வளவுதான். இதே சேலையை விசைத்தறியில் அரை நாளில் இறக்கிவிடலாம். அந்த மோட்டாரும் முழுச் சுமையில் ஓடாது, அதற்கும் ஏறக்குறைய இரண்டு மூன்று யூனிட்தான் ஆகும். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. ஆக, ஆரணிச் சேலையைக் கையால் நெய்வதில் நாம் மிச்சம் பிடிக்கும் கரிமம் சேலைக்கு இரண்டு கிலோ.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "அஞ்சு நாளு மிதிக்கிறேன், மூணு யூனிட்தானா?" என்றார். வீட்டு பில்லில் ஒரு யூனிட் என்ன விலை என்று அவருக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

இரண்டு கிலோ என்பது பெரிதா சிறிதா? ஒரு சேலையின் மொத்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். 2014இல் அஸ்துடில்லோ, தால்விட்ஸ், வோல்ராத் என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்தியப் பட்டின் வாழ்க்கைச் சுழற்சி பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மல்பெரித் தோட்டத்திலிருந்து நூல் எடுக்கும் வரை கணக்கிட்டால் ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஏறத்தாழ 80 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெளியீடு வருகிறது. ஆரணிச் சேலையில் அரைக் கிலோ பட்டு இருக்கிறது என்று கொள்வோம். கச்சாப் பட்டில் கால் பங்கு பசை, அது வேகவைக்கும்போது போய்விடும். அரைக் கிலோ பட்டுக்கு 670 கிராம் கச்சாப் பட்டு வேண்டும். பெருக்கினால் 50 கிலோவைத் தாண்டுகிறது. தறிமேடையில் நாம் மிச்சப்படுத்தியதாகப் பெருமைப்படும் அந்த இரண்டு கிலோ இதில் நூற்றுக்கு நாலு.

இந்த மாதிரி எண்களுக்கு ஒரு வில்லங்க வரலாறு உண்டு. உலகின் பெரிய உடை நிறுவனங்கள் ஹிக் குறியீடு என்ற ஒன்றைப் பயன்படுத்திவந்தன. அதில் பட்டு மிக மோசமான மதிப்பெண் வாங்கியது, பாலியஸ்டர் நல்ல பிள்ளை ஆனது. பெட்ரோலியத்திலிருந்து வரும் நூலைப் 'பசுமை' என்று விற்க அது வழிவிட்டது. 2022 ஜூனில் நார்வேயின் நுகர்வோர் ஆணையம் அந்தக் குறியீட்டைக் காட்டி விளம்பரம் செய்வது மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று சொன்னதும் அதை வெளியே காட்டுவது நிறுத்தி வைக்கப்பட்டது. எனக்கு அதில் சந்தோஷம்தான். கிலோவுக்குக் கிலோ ஒப்பிடுவதே அபத்தம். சட்டைத் துணி இரண்டு வருஷம், பட்டுச்சேலை முப்பது வருஷம். ஆனால் குறியீடு தப்பு என்பதால் அதற்குள் இருந்த எண் பொய்யாகிவிடாது. பட்டுக்குப் பின்னால் அந்த 80 கிலோ நிஜமாகவே இருக்கிறது. ஊர்ப்பற்று இருக்கிறவர்கள் இதை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அது எங்கே இருக்கிறது? ஆரணியில் இல்லை. பெரும்பகுதி ராமநகரம், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்து மல்பெரித் தோட்டங்களில். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஆறேழு கிலோ கூடு வேண்டும். அந்தக் கூட்டைக் கட்டும் புழுக்களுக்கு நூறு கிலோவுக்குக் குறையாமல் இலை வேண்டும். பாசனத் தோட்டத்தில் வி-1 ரக மல்பெரிக்கு ஹெக்டேருக்கு வருஷம் 350 கிலோ தழைச்சத்து போடச் சொல்லிப் பரிந்துரை இருக்கிறது. நெல்லுக்குக்கூட யாரும் அவ்வளவு கொட்டுவதில்லை. அதில் ஒரு பகுதி மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போகிறது. கரியமில வாயுவைவிட 273 மடங்கு வலுவான வாயு. யூரியா தயாரிக்க இயற்கை எரிவாயு, தண்ணீர் இறைக்க மோட்டார். தமிழ்நாட்டில் 1990இலிருந்து பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம். இலவசம் என்பதற்காகக் குறை சொல்ல வரவில்லை. விலை இல்லாத இடத்தில் மீட்டரும் இருப்பதில்லை, மீட்டர் இல்லாத எண்ணை எங்கள் மென்பொருளில் ஏற்ற முடிவதில்லை, அவ்வளவுதான். ஒரு சேலையின் கரிமத்தை உண்மையாகக் குறைக்க நினைக்கிற வடிவமைப்பாளர் ஆரணித் தறிக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்வதை விட்டுவிட்டுக் கிருஷ்ணகிரி விவசாயியிடம் சொட்டுநீர்க் குழாய் பற்றியும் உர அளவு பற்றியும் பேசப் போக வேண்டும். அந்தப் போட்டோவுக்கு லைக் விழாது.

இப்போது இரண்டாவது சைபர். இதற்கு சாயப்பட்டறைக்குள் போக வேண்டும்.

கச்சாப் பட்டு தொட்டால் விறைப்பாக இருக்கும், மினுமினுப்பு இருக்காது. சோப்பும் சோடாவும் போட்ட கொதிதண்ணீரில் வேகவைத்தால்தான் பசை கழன்று நாம் பட்டு என்று நினைக்கிற பட்டு வெளிவரும். அப்புறம் சாயம், அதற்கும் சூடு. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், முந்திக்கு ஒரு நிறம் என்றால் தனித்தனிப் பாத்திரங்கள். சின்ன வயதில் அப்பாவோடு போன பட்டறை ஒன்றுக்குப் போன தை மாதம் போனேன். தாழ்ந்த கூரை, செம்புப் பாத்திரம், கீழே விறகு. மூங்கில் கழியில் பட்டுச் சிட்டங்களைத் தொங்கவிட்டு, புகையும் ஆவியும் சேர்ந்து முகத்தில் அடிக்கிற இடத்தில் நின்றுகொண்டு சாயக்கார அண்ணன் மாற்றி மாற்றி முக்கி எடுத்தார். ஐந்து நிமிஷத்தில் எனக்குக் கண் எரிந்தது. அவர் முப்பது வருஷமாக அங்கே நிற்கிறார்.

இங்கேயும் ஒரு கணக்கு. நம் சேலைக்கு வேண்டிய 670 கிராம் பட்டை வேகவைக்க 20 லிட்டர் தண்ணீர். முப்பது டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக சுமார் 1.6 யூனிட் வெப்பம் போதும். ஆனால் திறந்த அடுப்பில் எரிகிற விறகின் வெப்பத்தில் பாத்திரத்துக்குள் போவது எட்டில் ஒரு பங்குதான் என்று வைத்தால், எரிக்க வேண்டியது கிட்டத்தட்ட 13 யூனிட்டுக்குச் சமமான விறகு. மூன்று கிலோ. இது முதல் பாத்திரம் கொதிக்க மட்டும். கொதித்துக்கொண்டே இருக்கவும், மறுபடி அலசவும், சாயத்துக்கும் சேர்த்தால் சேலைக்கு எட்டுப் பத்துக் கிலோ விறகு சுலபமாகப் போய்விடும். சித்தப்பாவின் ஐந்து நாள் கால் உழைப்பு 3 யூனிட். அவர் தறிக்கு நூல் வருவதற்கு முன்பே முதல் பாத்திரத்திலேயே அதைப் போல் நாலு மடங்கு புகைக்கூண்டு வழியாகப் போயாயிற்று. புகைக்கூண்டு இருந்தால்.

இதைக் கரிமக் கணக்கில் ஏற்றினால் என்ன வரும் தெரியுமா? விறகிலிருந்து வருகிற கரியமில வாயு, மரம் மறுபடி வளரும்போது திரும்ப உறிஞ்சப்படும் என்பதால், பிரதான கணக்கில் சேராது. தனியாக ஒரு ஓரத்தில் எழுதலாம். வெட்ட வெட்ட முளைக்கும் சீமைக்கருவேல விறகுக்கு அந்தத் தர்க்கம் பெருமளவு பொருந்தும்கூட. சாயப்பட்டறைக்கு எதிரே மென்பொருள் போடும் எண் மறுபடி ஏறக்குறைய சைபர். முதல் சைபர் நெசவாளரின் முழங்கால், இரண்டாவது சைபர் சாயக்காரரின் நுரையீரல். யாரும் சதி செய்து இப்படி அமைக்கவில்லை. கரியமில வாயுவை எண்ணுவதற்காகச் செய்த கருவி அதை மட்டும் எண்ணுகிறது. அதை வைத்து ஒரு பொருள் 'நல்லது' என்று லேபிள் ஒட்டும்போதுதான் சிக்கல்.

இத்தனைக்கும் சுடுதண்ணீர்ப் பிரச்சினை தீர்க்க முடியாதது இல்லை. 1990களில் டெரி நிறுவனம், சுவிஸ் அரசின் வளர்ச்சி உதவி அமைப்போடு சேர்ந்து, கர்நாடகத்தில் பட்டுக்கூடு வேகவைத்து நூல் எடுப்பவர்களுக்காக விறகை வாயுவாக்கி எரிக்கும் அடுப்பை வடிவமைத்தது. விறகு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. சூடு சீராக இருந்ததால் நூலும் நன்றாக வந்தது என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம். சுற்றுச்சூழலுக்காக மட்டும் ஒரு அடுப்பை யாரும் மாற்ற மாட்டார்கள், நூல் நன்றாக வந்தால் மாற்றுவார்கள்.

ஆரணிக்கு என் தலையில் ஓடுவது ரைஸ் மில். நெல் அவிக்க பாய்லரில் உமிதான் எரிகிறது. உமி ஊரிலேயே கிடைக்கிறது, நீராவி எடுக்கும் ஆட்களும் ஊரிலேயே இருக்கிறார்கள். நாலைந்து சாயப்பட்டறைகள் சேர்ந்து பொதுவாக ஒரு சின்ன உமி பாய்லர் வைத்தால், நீராவிக் குழாய் பாத்திரத்துக்குள் போகும், புகை உயரமான கூண்டு வழியாகத் தனியே போகும். அது பெரிய முதலீடு என்றால், கூரைமேல் சோலார் வாட்டர் ஹீட்டர். தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவந்து பாத்திரத்தில் ஊற்றினால் போதும், எழுபது டிகிரி ஏற்ற வேண்டிய இடத்தில் முப்பதை வெயில் ஏற்றிவிடும். கொதிக்கவைக்கும் விறகில் நாற்பது சதவீதத்துக்கு மேல் மிச்சம். இதைச் சொன்னதும் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, கணக்கு சரிதான். எங்க தண்ணி உப்பு. ரெண்டு வருசத்துல குழா அடைச்சிக்கும். அதுக்கு ஒரு வழி சொல்லு, நாளைக்கே போடறேன்."

ஊரில் யாரும் மடையர்கள் இல்லை. உப்புத் தண்ணீருக்கு வெப்பப் பரிமாற்றி வைத்த மாடல்கள் இருக்கின்றன, விலை கூட. விறகு வாங்கும் காசில் அது எத்தனை வருஷத்தில் திரும்பும் என்று அவருக்கு ஒரு எக்செல் ஷீட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நான் எழுதியதிலேயே கொஞ்சமாவது உருப்படியான மென்பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

இனி நான் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். கைத்தறியைக் கரிமத்தின் பெயரால் காப்பாற்றப் பார்ப்பது ஆபத்து. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் மட்டுமே 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது, சூரிய மின்சாரம் அதைத் துரத்துகிறது. ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ என்பது வருஷத்துக்கு வருஷம் இறங்கும், இறங்க வேண்டும். கூரையில் நாலு பேனல் போட்ட விசைத்தறிக்காரர் இன்றே 'ஜீரோ கார்பன் பட்டு' என்று லேபிள் ஒட்டலாம், பொய்யும் இல்லை. அன்றைக்குக் கைத்தறிக்கு நாம் தயாரித்து வைத்திருக்கிற ஒரே வாதம் அந்த இரண்டு கிலோ என்றால், மின்சாரம் சுத்தமாக ஆக ஆக நெசவாளர் தோற்றுக்கொண்டே வருவார்.

நீண்ட ஆயுள் என்ற வாதம் இதைவிடக் கொஞ்சம் பலமானது. ஆனால் அதிலும் ஓட்டை இருக்கிறது. அம்மாவின் முகூர்த்தச் சேலைக்கு முப்பத்தாறு வயது, இன்னும் கட்டுகிறாள். என் கல்யாணத்துக்கு எடுத்தவற்றில் பாதி ரெண்டு தடவை வெளியே வந்ததோடு சரி. ஐம்பது கிலோவை எத்தனை தடவையால் வகுக்கிறோம் என்பது நெய்தவர் கையில் இல்லை. பீரோ வைத்திருப்பவர் கையில் இருக்கிறது. 'பழைய பட்டுச்சேலை வாங்கப்படும்' என்ற போர்டுகளைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளி ஜரிகைக்காக வாங்கி, பட்டை எரித்து, வெள்ளியை உருக்கி எடுப்பார்கள். சுழற்சிப் பொருளாதாரம் என்று எங்கள் அலுவலக ஸ்லைடுகளில் படம் போடுவோமே, அது இங்கே எப்போதோ வந்துவிட்டது. ஆனால் சுழல்வது வெள்ளி மட்டும்தான். 15,000 மிதியும் பட்டோடு எரிந்துவிடும்.

கைத்தறி எதற்காக இருக்க வேண்டும் என்றால், இதை நம்பி லட்சக்கணக்கான வீடுகள் இருக்கின்றன, அதற்காக. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சம் பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள், நூற்றுக்கு 72 பேர் பெண்கள். மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களின் மாத வருமானம் 5000 ரூபாய்க்கும் கீழே. தார் சுற்றுவது, பாவு பிணைப்பது என்று எங்கள் சித்தி செய்யும் வேலைக்குத் தனிக் கூலி என்று எதுவும் கிடையாது, சேலைக் கூலியிலேயே கரைந்துவிடும். லேபிளில் எழுதுவதற்கு இங்கே எண்கள் இருக்கின்றன. எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி. அவற்றை எழுதச் சொல்லி எந்த பிராண்டும் எங்கள் மென்பொருளில் கேட்டதில்லை.

வேடிக்கை என்னவென்றால் சட்டம்கூட கைத்தறியை ஆற்றலை வைத்துத்தான் வரையறுக்கிறது. சேலை உள்ளிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டம், கைத்தறி என்றால் விசைத்தறி அல்லாத தறி என்கிறது. விசை என்றால் என்ன என்பதற்கு 1948 தொழிற்சாலைச் சட்டத்தைக் கை காட்டுகிறது. அங்கே போனால்: மின்சாரம், அல்லது மனிதராலோ விலங்காலோ உண்டாக்கப்படாமல் இயந்திர வழியில் கடத்தப்படும் வேறு ஆற்றல். ஆக, கைத்தறியைக் கைத்தறி ஆக்குவது நெசவு நயம் இல்லை, கோர்வை இல்லை. உடம்பு. 2012 வாக்கில், ஒரு வேலையாவது கையால் நடந்தால் அதையும் கைத்தறி என்று சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை டெல்லியில் எழுந்தது. நெசவாளர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. எதிர்த்தது நியாயம். அந்தச் சந்தில் விசைத்தறி முழுசாக நுழைந்துவிடும்.

ஆனால் சித்தப்பாவுக்கு அறுபத்தொன்று ஆகிறது. வலது முழங்காலில் தேய்மானம். ஜக்கார்டு தூக்குவதற்கு மட்டும் கால் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று வைத்தால், நாடாவும் பலகையும் கையில் இருக்க, மிதி லேசாகிவிடும். தெருவில் ஒருவர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு வந்து என்னிடம் கரண்டுக் கணக்குக் கேட்டார். போட்டேன். நாளெல்லாம் ஓடினாலும் ஒன்றரை யூனிட், இரண்டு மாதத்துக்கு ஐம்பது நாள் வேலை என்றால் 75 யூனிட். கைத்தறி நெசவாளர்களுக்குத் தமிழக அரசு 2006இல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது, 2016இல் 200 ஆனது, 2023இல் 300. பில் வரவே வராது என்றேன்.

"கரண்டு கெடக்கட்டும்டா. அந்த முந்நூறு யூனிட்டு கைத்தறிக்குன்னு குடுக்கறது. மோட்டாரு மாட்டுன பிறகு யாராவது வந்து இது இன்னா தறின்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

சட்டத்தின் வாசகத்தை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். மனிதராலோ விலங்காலோ என்ற இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் குழிக்குள் காலை இறக்கினார். அன்றைக்கு முந்தி முடிக்க வேண்டியிருந்தது.